மைக்கை வாங்குங்கள், உங்கள் வாயால் விடைபெறுங்கள்

விடைபெறக் காத்திருக்கும் பேஸ்பால் வீரர்களே,

இந்த சீசனோடு மட்டையை வைத்துவிடலாம் என்று உங்களில் சிலர் முடிவெடுத்திருப்பீர்கள். சிலருக்கு முழங்காலோ தோள்பட்டையோ அந்த முடிவை எடுத்துக் கொடுத்திருக்கும். இன்னும் சிலருடைய ஓய்வுச் செய்தியை ஏஜென்ட் அலுவலகத்தில் யாரோ ஒருவர் இந்நேரம் தட்டச்சு செய்துகொண்டிருக்கவும் கூடும். அந்தச் செய்தியைப் பற்றித்தான் இம்மடல்.

அது எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். வெள்ளைப் பின்னணி, மூலையில் அணியின் சின்னம், நாலு பத்தி. கடவுளுக்கு நன்றி, குடும்பத்துக்கு நன்றி, உலகத்திலேயே சிறந்த ரசிகர்களுக்கு நன்றி. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் அப்படியே இன்னொருவருக்கும் பொருந்தும். காலையில் வெளியாகும். மதியத்துக்குள் இதயக்குறிகள் குவியும். ராத்திரிக்குள் வேறொரு செய்தி வந்து அதன்மேல் உட்கார்ந்துவிடும். இருபது வருடம் ஆடியவருக்கும் அதே அச்சு, இரண்டு வருடம் ஆடியவருக்கும் அதே அச்சு.

உங்கள் முன்னோர்கள் இப்படி விடைபெறவில்லை. அவர்கள் எல்லாரும் நன்றாகப் பேசினார்கள் என்றும் சொல்ல முடியாது. சிலர் கோபத்தோடு பேசினார்கள், சிலர் பேசாமலே போனார்கள், ஒருவர் தந்தி அடித்தார். ஆனால் ஒருவர் பேசியதை எடுத்து இன்னொருவர் வாயில் வைக்க முடியாது. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் நீங்கள் எதை இழந்துகொண்டிருக்கிறீர்கள் என்பது விளங்கும்.

லூ கெரிக்கிலிருந்து தொடங்காமல் வழியில்லை. 1939 ஜூலை 4, யாங்கி ஸ்டேடியம். வாஷிங்டன் அணியோடு அன்று இரண்டு ஆட்டம். இரண்டுக்கும் நடுவே விழா. 61,808 பேர் வந்திருந்தார்கள். 2,130 ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் ஆடிய மனிதர், அந்த மே மாதம் டெட்ராய்ட்டில் தானாகவே பெயரை எடுத்துவிடச் சொல்லி பெஞ்சில் உட்கார்ந்தார். ஜூன் 19, அவருடைய 36-வது பிறந்தநாளன்று, மாயோ மருத்துவமனையில் நோயின் பெயர் தெரிந்தது: ஏ.எல்.எஸ். நரம்புகள் ஒவ்வொன்றாகத் தசையைக் கைவிடும் நோய். விழாவில் கையில் கொடுத்த பரிசுகளைத் தாங்கிக்கொண்டு நிற்கத் தெம்பில்லாமல் தரையில் வைத்தார்.

அவர் பேசவே விரும்பவில்லை, இதைக் கவனியுங்கள். கூச்ச சுபாவம், போதாததற்கு அன்றைய நிலைமை. கூட்டம் அவர் பேரைச் சொல்லி முழங்கியது. மேனேஜர் ஜோ மெக்கார்த்தி முன்னே போகச் சொன்னார். கெரிக் கையில் தாள் எதுவும் இல்லாமல் போய் நின்றார். நம்மிடம் இருக்கும் ஆங்கில வடிவம் 300 சொல்லைக்கூடத் தொடாது.

தனக்கு வந்த கஷ்டத்தைப் பற்றி நீங்களெல்லாம் படித்திருப்பீர்கள், ஆனாலும் இந்தப் பூமியிலேயே அதிர்ஷ்டக்காரன் நான்தான் என்றார். உலகத்துக்குத் தெரிந்தது அந்த ஒரு வரி. நீங்கள் பார்க்க வேண்டியது அதற்குப் பிறகு வருவதை. அணி உரிமையாளராக இருந்த ஜேக்கப் ரூப்பர்ட், நிர்வாகி எட் பாரோ, இறந்துபோன பழைய மேனேஜர் மில்லர் ஹக்கின்ஸ், எதிரே நின்றிருந்த மெக்கார்த்தி என்று வரிசையாகப் பேர் சொன்னார். பிறகு எதிரிகள்: எப்படியாவது தோற்கடிக்கத் துடிக்கும் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியே பரிசு அனுப்பியிருக்கிறது என்றார். மைதானத்தைப் பராமரிக்கும் தொழிலாளிகளையும், வெள்ளைக் கோட்டு போட்ட பையன்களையும் சொன்னார். மாமியாரைச் சொன்னார்! சொந்த மகளோடு சண்டை வரும்போது மருமகன் பக்கம் நிற்கும் மாமியார் என்று. தான் படிக்கவும் உடம்பைத் தேற்றிக்கொள்ளவும் ஆயுள் முழுக்க உழைத்த அப்பா அம்மாவைச் சொன்னார். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள். அம்மா கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் விடுதியொன்றில் சமையல் வேலை பார்த்தவர். கடைசியாக மனைவி.

சாகப்போகிற மனிதனுக்குக் கிடைத்த ஒன்றிரண்டு நிமிடத்தில் பெரும்பங்கை அவர் அடுத்தவர் பெயர்களுக்குச் செலவழித்தார். பேச்சு முடிந்ததும் பழைய அணித்தோழர் பேப் ரூத் வந்து கட்டிப்பிடித்தார். இருவரும் பல வருடமாக முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாதவர்கள்.

சினிமா இதை மாற்றிவிட்டது. கெரிக் 1941 ஜூன் 2-ல் இறந்தார். மறுவருடமே கேரி கூப்பர் நடித்து அவர் வாழ்க்கை படமாக வந்தது. நிஜத்தில் தொடக்கத்திலேயே வந்துபோன அதிர்ஷ்ட வரியைப் படம் எடுத்தவர்கள் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். திரைக்கதைக்கு அது நல்லதுதான். ஆனால் அன்றிலிருந்து விடைபெறும் வீரர்களுக்கு எழுதிக் கொடுப்பவர்கள் எல்லாரும், கெரிக்கை விட்டுவிட்டு கூப்பரைப் பின்பற்றுகிறார்கள் என்றே தோன்றுகிறது. மெல்ல ஏறி, கடைசியில் கண்ணீர் வரவழைக்கும் ஒரு வாக்கியம். நடுவில் இருந்த தரைத் தொழிலாளியும் மாமியாரும் காணாமல் போய்விட்டார்கள்.

இன்னொரு விஷயம் உங்களைச் சுட வேண்டும். அந்தப் பேச்சின் முழு ஒலிப்பதிவு எங்கும் இல்லை. செய்திப்படச் சுருளில் தப்பியது ஒரு சில வாக்கியங்கள் மட்டுமே. மீதியைப் பத்திரிகைகள் குறித்துக்கொண்டதை வைத்து ஒட்டி எடுத்திருக்கிறார்கள். 2014-ல், 75-வது ஆண்டு வந்தபோது, கெரிக்கைப் போலவே முதல் பேஸில் ஆடும் மேஜர் லீக் வீரர்கள் ஆளுக்கொரு வரியாக அதை வாசித்துப் பதிவு செய்தார்கள். அந்த வரிகளுக்காக அவ்வளவு ஏங்குகிற ஒரு விளையாட்டு, இன்று உங்கள் கையில் ஒலிவாங்கியும் படக்கருவியும் மூலைக்கு மூலை இருக்கும்போது, எழுதிக் கொடுத்த நாலு பத்தியோடு திருப்திப்படுகிறது.

அதே மைதானத்தில் பேப் ரூத்தின் கதை வேறு. அவர் ஓய்வுபெற்றது 1935 ஜூன் தொடக்கத்தில். பாஸ்டன் பிரேவ்ஸ் உரிமையாளரோடு தகராறு. நிருபர்களிடம் விலகுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். 714 ஹோம் ரன் அடித்தவருக்கு மேடையும் இல்லை, மாலையும் இல்லை. பன்னிரண்டு வருடம் கழித்து, 1947 ஏப்ரல் 27-ல், தொண்டைப் புற்றுநோய் குரலைத் தின்றுவிட்ட பிறகு, யாங்கி ஸ்டேடியத்தில் மைக் கொடுத்தார்கள். என் குரல் எவ்வளவு மோசமாகக் கேட்கிறதோ, உள்ளே அவ்வளவு மோசமாகத்தான் வலிக்கிறது என்று தொடங்கினார். பிறகு தன்னைப் பற்றி அதிகம் பேசாமல், சின்ன வயதிலேயே பையன்கள் கையில் பந்தைக் கொடுக்க வேண்டும் என்பதற்குத் தாவிவிட்டார். கேட்க முடியாத கரகரப்பு. ஆனால் இன்று அதைக் கேட்பவர்கள் அது ரூத்தைத் தவிர வேறு யாருமில்லை என்று சத்தியம் செய்வார்கள்.

1969 ஜூன் 8, ஓய்வுபெற்ற மிக்கி மாண்டிலைக் கௌரவித்த நாள், அதே இடம். சாகப்போவது தெரிந்த ஒருவரால் இங்கே நின்று தன்னை அதிர்ஷ்டசாலி என்று எப்படிச் சொல்ல முடிந்தது என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன், லூ கெரிக்குக்கு எப்படி இருந்திருக்கும் என்பது இப்போது தெரிகிறது என்றார் மாண்டில். கெரிக்கின் வரியை எடுத்துத் தன் வரிபோலச் சொல்லியிருக்கலாம். கேட்டவர்கள் அப்போதும் கைதட்டியிருப்பார்கள். அவர் அதை எடுக்காமல், அந்த வரி தனக்குப் புரியாமல் இருந்ததை ஒப்புக்கொண்டார். ஆகவேதான் அது நிற்கிறது.

நன்றி மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் டெட் வில்லியம்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 1960 செப்டம்பர் 28, பாஸ்டனின் ஃபென்வே பார்க். மப்பும் மந்தாரமுமான நாள், 10,454 பேர்தான் வந்திருந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்த வில்லியம்ஸ், தலைக்குமேல் இருந்த பத்திரிகையாளர் கூடத்தைக் குறிப்பிட்டு, தட்டச்சு வீரர்கள் தன்னைப் பற்றி எழுதிய கசப்பான விஷயங்களை மறக்க நினைத்தாலும் முடியவில்லை என்றார். அடுத்த மூச்சில், மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னால் எந்த ஊரில் ஆடுவாய் என்று கேட்டால் பாஸ்டன் என்றுதான் சொல்வேன் என்றார். எட்டாவது இன்னிங்ஸில் தன் கடைசிப் பந்தை ஹோம் ரன்னாக அனுப்பினார், அது 521-வது. கூட்டம் கத்தியது. அவர் தொப்பியைத் தொடவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் மேனேஜர் அவரை வெளியே அனுப்பி உடனே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார், கூட்டம் இன்னொரு முறை வாழ்த்தட்டும் என்று. அப்போதும் தொடவில்லை. 1991-ல் அதே ஃபென்வேயில் ஒரு விழாவில்தான் தொப்பியைக் கழற்றினார். இளகாத மனிதர்தான். ஆனால் கோபமும் பாசமும் ஒரே பேச்சில் இருக்கலாம் என்பதை அன்றைய தினம் காட்டிவிட்டார். உங்களுக்கு எழுதித் தருபவர்கள் முதலில் வெட்டி எறிவது அந்தக் கோபத்தைத்தான்.

வில்லியம்ஸின் இன்னொரு பேச்சு, 1966 ஜூலையில் கூப்பர்ஸ்டவுனில், ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது. வில்லி மேஸ் 522-வது ஹோம் ரன் அடித்துத் தன்னைத் தாண்டிவிட்டதைச் சொல்லி, போ, இன்னும் அடி என்று உற்சாகப்படுத்தினார். அடுத்து யாரும் எதிர்பார்க்காததைச் சொன்னார். கறுப்பினத்தவர் ஆடிய நீக்ரோ லீக்கின் பெரிய வீரர்களுக்கு வாய்ப்பு கொடுக்கப்படவில்லை. அந்த ஒரே காரணத்துக்காக அவர்கள் இங்கே இல்லை. அவர்களுடைய அடையாளமாக சாட்செல் பெய்ஜ், ஜாஷ் கிப்சன் பெயர்களை என்றாவது ஒருநாள் சேர்க்க வேண்டும் என்றார். அவர் கொண்டாடப்பட வேண்டிய நாள் அது. அதில் ஒரு பகுதியை வராதவர்களுக்காகக் கொடுத்தார். 1971-ல் பெய்ஜும் 1972-ல் கிப்சனும் உள்ளே போனார்கள். அந்த ஒரு பேச்சால்தான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தப் பேச்சு இல்லாமல் நடந்தது என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஜாக்கி ராபின்சனைப் பாருங்கள். கறுப்பினத்தவரை மேஜர் லீக்குக்கு வெளியே வைத்த நிறத்தடையை 1947-ல் உடைத்துக்கொண்டு வந்தவர். 1956 டிசம்பரில் அவருடைய அணி அவரைத் தன் பரம எதிரியான ஜயன்ட்ஸுக்குக் கைமாற்றியது. அவர் போகவில்லை, ஒரு பத்திரிகைக்குக் கட்டுரையாகத் தன் ஓய்வை அறிவித்துவிட்டு, காபி நிறுவனமொன்றில் வேலைக்குப் போனார். மைதானத்தில் விடை கிடையாது. அதை ஏறக்குறைய பதினாறு வருடம் கழித்து ஈடுகட்டினார் என்று சொல்லலாம். 1972 அக்டோபர் 15, சின்சினாட்டி, உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டம். 53 வயது, நீரிழிவு பார்வையை ஏறக்குறைய முழுசாகப் பறித்துவிட்டிருந்தது. நிறத்தடை உடைந்த 25-ஆவது ஆண்டு நினைவாகக் கௌரவித்தார்கள். மகிழ்ச்சி என்றார், ஆனால் மூன்றாவது பேஸ் பக்கம் பார்க்கும்போது ஒரு கறுப்பு முகம் அணியை நடத்துவதைக் காணும் நாளில் இதைவிட மகிழ்ச்சியும் பெருமையும் அடைவேன் என்று முடித்தார். ஒன்பது நாளில் இறந்துபோனார். 1975-ல் க்ளீவ்லாந்தில் ஃபிராங்க் ராபின்சன் முதல் கறுப்பின மேனேஜராகக் களத்துக்கு வந்தார்.

விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில் நின்றுகொண்டு குறை சொல்வது நம் ஊர்க் கணக்கில் மரியாதைக் குறைவு. ஆனால் அந்த வீட்டையே கட்டிக் கொடுத்தவருக்கு அந்த உரிமை உண்டு.

மேஸுக்கு வருவோம். 1973 செப்டம்பர் 25, ஷே ஸ்டேடியம். 42 வயது. அந்த சீசனில் அவர் அடித்தது ஆறே ஹோம் ரன், சராசரி .211. மெட்ஸ் அணியோ பட்டத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் இப்படி ஆரவாரம் செய்வதைக் கேட்டுக்கொண்டு, அதற்குப் பதிலாக எதுவும் செய்ய முடியாமல் நிற்பது என்னைத் துயரப்படுத்துகிறது என்றார். பிறகு அணியின் இளைஞர்களைக் காட்டி, இவர்கள் ஆடுவதையும் போராடுவதையும் பார்த்தால் எனக்கு ஒன்றுதான் கேட்கிறது: வில்லி, அமெரிக்காவுக்கு விடை சொல்லிவிடு என்றார். மட்டை கனத்துவிட்டதை இதைவிட நேர்மையாகச் சொன்னவர் அரிது. உங்கள் அறிக்கைகளில் 'என் உடல் ஒத்துழைக்கவில்லை' என்று ஒரு வாக்கியம் வருமே, அதை மேஸ் சொன்னதோடு வைத்துப் பாருங்கள்.

கடல் தாண்டியும் ஒரு கதை உண்டு. 1974 அக்டோபர் 14, டோக்கியோ கோரகுவென் மைதானம். யோமியூரி ஜயன்ட்ஸின் ஷிகேயோ நாகாஷிமா. ஒன்பது வருடம் தொடர்ந்து பட்டம் வென்ற அணி அந்த ஆண்டுதான் தோற்றிருந்தது. இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் அழுதுகொண்டே மைதானத்தைச் சுற்றி வந்தார். இரண்டாவது ஆட்டம் முடிந்து விளக்கு வெளிச்சத்தில் பேசியவர், தன் அணி என்றென்றைக்கும் அழியாது என்று அறிவித்தார். ஜப்பானில் பேஸ்பால் பார்க்காதவர்களுக்கும் தெரிந்த வரி அது. மறுவருடம் அவரே மேனேஜர் ஆனார். அழியாத அணி வரலாற்றிலேயே முதல்முறையாகக் கடைசி இடத்துக்குப் போனது. ஆனாலும் அந்த வரியை யாரும் கேலி செய்து தள்ளவில்லை. 2025 ஜூனில் அவர் இறந்தபோதும் அதைத்தான் எடுத்துப் போட்டார்கள்.

அதே டோக்கியோவில் 2019 மார்ச் 21 இரவு இச்சிரோ சுசுகி விடைபெற்றார். ஆட்டம் முடிந்தும் கூட்டம் கலையவில்லை. அவர் மறுபடி வெளியே வந்து கையசைத்தார். நள்ளிரவை ஒட்டி நிருபர்கள் முன் உட்கார்ந்து எண்பது நிமிடத்துக்கும் மேல் பேசினார். பெரிய வாக்கியங்கள் குறைவு. மனைவி யூமிகோ பிடித்துக் கொடுத்த அரிசி உருண்டைகளைப் பற்றிப் பேசினார்: மைதானத்துக்கு எடுத்துப் போய்ச் சாப்பிட்டவை சுமார் 2,800, அவருக்கு 3,000 எட்ட ஆசை இருந்தது போலிருக்கிறது என்று. மேஜர் லீக்கில் மட்டும் 3,089 ஹிட் அடித்த மனிதர் கடைசி இரவில் வாசித்துக்காட்டிய கணக்கு அது. வயதான தன் நாயைப் பற்றியும் பேசினார். அமெரிக்காவுக்குப் போய் அந்நியனானதால்தான் அடுத்தவர் வலி புரிந்தது என்றார். எண்பது நிமிடம் அதிகம் என்று ஏஜென்ட்கள் சொல்வார்கள். அந்த அரிசி உருண்டைக்கு எந்த ஏஜென்டும் இடம் ஒதுக்கியிருக்க மாட்டார்.

மைக்கே கிடைக்காதவர்களையும் நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். கர்ட் ஃபிளட், வீரனை ஆயுள் முழுக்க ஒரே அணிக்குக் கட்டிப்போடும் விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர். 1971-ல் ஆட்டத்துக்குத் திரும்பி வாஷிங்டன் அணிக்காக 13 ஆட்டம் ஆடிவிட்டு, முயன்றேன், ஒன்றரை வருட இடைவெளி அதிகமாகிவிட்டது என்று உரிமையாளருக்கு ஒரு தந்தி கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். மறுவருடம் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். இன்று உங்கள் சம்பளத்தில் உள்ள கடைசி சில பூஜ்ஜியங்களுக்கு அவர் போட்ட அந்தச் சண்டையும் ஒரு காரணம். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தையே பித்துப் பிடிக்கவைத்த பெர்னாண்டோ வலென்சுவேலாவை 1991 மார்ச்சில், சீசன் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது, அணி கழற்றிவிட்டது. அவருடைய 34-ஆம் எண்ணுக்கு விழா எடுத்தது 2023 ஆகஸ்டில். ராபர்ட்டோ கிளெமென்டே 1972-ன் கடைசி நாளில், நிலநடுக்கத்தில் சிக்கிய நிகராகுவாவுக்கு உதவிப்பொருள் ஏற்றிக்கொண்டு போன விமானத்தோடு கடலில் விழுந்தார். அவர் விடையே சொல்லவில்லை.

ஆனால் கிளெமென்டே முந்தின வருடம் ஒன்று செய்தார். 1971 உலகத் தொடரை வென்றவுடன், நேரலையில் மைக்கை நீட்டியபோது, முதலில் ஸ்பானிஷில் பேசிக்கொள்கிறேன் என்று கேட்டு, புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்த அப்பா அம்மாவிடம் ஆசி வேண்டினார். அவர் பேசிய ஆங்கிலத்தை உச்சரித்தபடியே எழுத்தில் போட்டுக் கேலி செய்த பத்திரிகைகள் இருந்த காலம். உங்களில் டொமினிகன் குடியரசிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் கியூபாவிலிருந்தும் வந்தவர்கள் எத்தனை பேர்! 2016 முதல் ஒவ்வொரு மேஜர் லீக் அணியிலும் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியிருக்க விடைபெறும்போது மட்டும் யாரோ செதுக்கிக் கொடுத்த ஆங்கிலம் எதற்கு?

உங்கள் தரப்பு நியாயங்களும் கேட்கின்றன. பேச வராது என்பீர்கள். கெரிக்குக்கும் வராது என்றுதான் நினைத்தார்கள். அழுதுவிடுவோம் என்பீர்கள். நாகாஷிமா அழுதார், 2016-ல் பாஸ்டன் தோற்ற இரவில் டேவிட் ஒர்ட்டிஸ் பந்துவீச்சு மேட்டில் ஏறி நின்று வாய் திறக்காமல் அழுதார், அதனால் அவர்களுடைய உயரம் குறையவில்லை. எழுதிச் சொன்னால் தவறு வராது என்பீர்கள். உண்மைதான், எழுத்தில் ஓய்வை அறிவிப்பதில் குற்றமும் இல்லை. டெரெக் ஜீட்டர் 2014 பிப்ரவரியில் சமூக ஊடகத்தில் நீளமான கடிதம் ஒன்றின் மூலம்தான் அறிவித்தார். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த செப்டம்பரில் மைதானத்தில் மைக்கைப் பிடித்து, நான் வளர்ந்ததை இருபது வருடம் நீங்கள் பார்த்தீர்கள், நானும் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், உங்களில் சிலருக்கும் வயதாகிறது என்று கூட்டத்தைச் சிரிக்கவைத்தார். கடிதத்தில் வராத ஜீட்டர் அங்கே வந்தார்.

விழா எடுக்கிறார்களே, போதாதா என்றால், போதாது. விழாக்கள் இப்போது பரிசுப்பொருள் கண்காட்சி ஆகிவிட்டன. மரியானோ ரிவேராவுக்கு 2013-ல் மின்னசோட்டா அணி, அவர் பந்தில் உடைந்த மட்டைகளை வைத்தே ஓர் ஆடும் நாற்காலி செய்து கொடுத்தது. நல்ல குறும்பு. ஆனால் அந்த சீசனில் ரிவேரா செய்த பெரிய காரியம் வேறு. போன ஊரிலெல்லாம் எதிரணி மைதானத்தின் பழைய ஊழியர்களைத் தனியே சந்திக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினார். டிக்கெட் கிழிப்பவர், சமையல்காரர், அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவர். அவர்களிடம் கேள்வி கேட்டார், கதை கேட்டார், நன்றி சொன்னார். கெரிக்கின் தரைத் தொழிலாளிகளை எழுபத்து நாலு வருடம் கழித்து ஒருவர் தேடிப் போனார் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

ஆகவே உங்களிடம் வைக்கும் வேண்டுகோள் இதுதான். ஏஜென்ட் எழுதிய அறிக்கை வெளியாகட்டும். அது அவர்கள் தொழில். அதற்குப் பிறகு ஒருநாள் மைதானத்துக்கு வாருங்கள். ஐந்து நிமிடம் கேளுங்கள். அணி நிர்வாகம் பரிசு கொடுக்க முக்கால் மணி நேரம் ஒதுக்கும்போது ஐந்து நிமிடம் மறுக்காது. தாள் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதில் பெயர்கள் மட்டும் இருக்கட்டும். 'என்னை ஆதரித்த அனைவருக்கும்' என்று சொல்லாதீர்கள். சின்ன லீக்கில் பத்து மணிநேரம் பேருந்து ஓட்டியவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. துணி துவைத்தவருக்கும், தோளை நீவிவிட்டவருக்கும், பதினாறு வயதில் உங்களைக் கண்டுபிடித்தவருக்கும் பெயர் இருக்கிறது. உங்களோடு சேர்ந்து தேர்வாகி, மேலே வராமலே வீட்டுக்கு அனுப்பப்பட்ட நண்பனுக்கும் இருக்கிறது. அவனுக்கு யாரும் மைக் கொடுக்கப் போவதில்லை.

எந்த மொழியில் அழுவீர்களோ அந்த மொழியில் பேசுங்கள். கோபம் இருந்தால் ஒரு வாக்கியம் அதற்கும் கொடுங்கள். முடிந்தால் ஒன்று கேளுங்கள், வில்லியம்ஸ் கேட்டதுபோல, ராபின்சன் கேட்டதுபோல. கேட்க விஷயமா இல்லை? 2022 உலகத் தொடருக்கான இரண்டு அணிகளின் வீரர் பட்டியலிலும் அமெரிக்காவில் பிறந்த கறுப்பின வீரர் ஒருவர்கூட இல்லை. 1950-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல்முறை. சின்ன லீக் வீரர்களுக்குச் சங்கம் என்று ஒன்று அமைந்ததே அதே 2022-ல்தான். ஐம்பதாயிரம் பேர் அமைதியாக உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் மறுபடி வராது.

கடைசியாக, பேசியதை முழுதாக வைத்திருக்கச் சொல்லி அணி நிர்வாகத்திடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது விநாடி துணுக்காக வெட்டி இசை சேர்த்து விடுவார்கள், விடட்டும். முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை, நடுவில் தொண்டை அடைத்த இடங்களோடு, பேரை மறந்து யோசித்த இடங்களோடு ஒரு பிரதி ஆவணக்காப்பகத்துக்குப் போகட்டும். கெரிக்குக்கு அது வாய்க்கவில்லை. உங்களுக்கு வாய்க்கும். இந்த சீசன் முடிவதற்குள் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆட்டத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும் தமிழ் ரசிகர்